மீன் ஏன் செத்தது?

அரசாங்க வேலையில் பல வருடங்கள் பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். அந்தப் பதிவேட்டில் பெயர், வயது, முகவரி எல்லாம் சுலபமாக நிரம்பிவிடும். தகராறு செய்கிற கட்டம் ஒன்றே ஒன்றுதான்: இறப்புக்கான காரணம். "வயசாயிடுச்சு சார்" என்பார் ஒருவர். "ரெண்டு நாள் காய்ச்சல்" என்பார் அடுத்தவர். "நெஞ்சுவலி" என்று சொல்லிவிட்டு அழுவார் இன்னொருவர். எதை எழுதுவது? ஒன்றும் பிடிபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது "இதர" என்ற தலைப்பு. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் "இதர" என்பதுதான் ஊரிலேயே பெரிய நோயாக நிற்கும்.

டாக்டர்கள் கொடுக்கும் சான்றிதழில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. உயிர் போன உடனடிக் காரணம் முதல் வரியில். அதை உண்டாக்கிய காரணம் அடுத்த வரியில். அதற்கும் அடியில் கிடக்கும் மூலகாரணம் கடைசி வரியில். முதல் வரியில் "மூச்சு நின்றது" என்று எழுதினால் போதாது. மூச்சு நின்றால்தானே சாவு? ஏன் நின்றது என்பதே கேள்வி. உலகம் முழுவதும் இறப்புக் காரணங்களை ஒரே பட்டியலில் எழுத வழி செய்தவர் பாரிஸ் நகரத்துப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன். 1893-ல் அவர் கொடுத்த பட்டியல்தான் திருத்தித் திருத்தி வளர்ந்து, 1948-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் கையில் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், ஒரு பிரெஞ்சுக்காரரின் பட்டியலைத்தான் நாம் தமிழ்நாட்டு ஆபீஸில் உட்கார்ந்து நிரப்புகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இதெல்லாம் மனிதர்களின் கணக்கு. மீனுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதும், அதன் ஒரு பக்கம் நம் போடி மலைக்கு மேலேயே எழுதப்பட்டது என்பதும் ஓய்வு பெற்ற பிறகு படித்ததில்தான் தெரிந்தது. அந்தக் கதையை இன்று சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. மீன் கடையில் "இந்தியன் சால்மன்" என்று விற்பது காலா மீன். அதற்கும் நிஜ சால்மனுக்கும் சம்பந்தம் கிடையாது. சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்புவது. அதன் நெருங்கிய பங்காளிதான் டிரௌட். நீலகிரியிலும், போடிமெட்டு தாண்டி மூணாறுக்கு மேலே இரவிகுளம் ஓடைகளிலும் இருப்பது இந்த டிரௌட். இரண்டுக்கும் உடல்வாகு ஒன்றுதான். குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த தண்ணீர் வேண்டும். 5 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 13 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 25 டிகிரியில் 8 சொச்சம்தான். வைகைக் கெண்டைக்கு அது போதும். டிரௌட்டுக்கு மூச்சு முட்டும்.

கதை தொடங்குவது பிரான்ஸில், வோழ் மலைப் பகுதியில் லா ப்ரெஸ் என்ற கிராமத்தில். அங்கே ஜோசப் ரெமி என்று ஓர் ஏழை மீனவர். அதிகம் படிக்காதவர். 1840-களில் ஓடைகளில் டிரௌட் குறைந்துகொண்டே வந்தது. எல்லோரும் "காலம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரெமி மட்டும் குளிர்கால இரவுகளில் ஓடைக் கரையில் படுத்துக் கிடந்து பார்த்தார். பெண் மீன் கூழாங்கல்லில் பள்ளம் பறித்து முட்டையிடுவதையும், ஆண் மீன் மேலே வந்து பால் விடுவதையும், பிறகு அந்த முட்டைகளில் பெரும்பகுதி வெள்ளத்தாலும் வேறு மீன்களாலும் அழிந்து போவதையும் கண்டார். மீன் குறைந்ததன் காரணம் மீனில் இல்லை, முட்டையில் இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை எடுத்து, ஆண் மீனின் பாலைக் கலந்து, துளை போட்ட தகரப் பெட்டியில் கூழாங்கல்லோடு வைத்து ஓடையிலேயே மூழ்க வைத்தார். நண்பர் ழெஹேனும் கூட நின்றார். குஞ்சுகள் பொரித்தன.

இதையே 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் யாகோபி என்பவர் செய்து எழுதியும் வைத்திருந்தார்; ஆனால் அது ரெமிக்குத் தெரியாது. ரெமியின் செய்தி பாரிஸ் எட்டியதும், பேராசிரியர் கோஸ்த் முனைந்து, 1852-ல் யுனிங்க் என்ற ஊரில் அரசாங்கமே மீன்குஞ்சுப் பண்ணை தொடங்கியது. ரெமி 1854-ல் காலமானார். குளிர்ந்த தண்ணீரில் வருடக்கணக்காக நின்றதே அவர் உடம்பைக் கெடுத்தது என்று சொல்வார்கள்.

பண்ணை வந்ததும் கணக்கும் வந்தது. டிரௌட் முட்டை உயிரோடு இருந்தால் கண்ணாடிபோல் இருக்கும்; செத்தால் சோளப்பொரிபோல் வெளுத்துவிடும். வெளுத்த முட்டையை விட்டுவைத்தால் அதில் பூசணம் பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் தின்னும். அதனால் தினமும் இடுக்கியால் பொறுக்கி எடுத்து எண்ண வேண்டும். இந்த எண்ணிக்கைதான் முதல் இறப்புப் பதிவேடு. அனுபவப்பட்டவர்கள் எந்த நாளில் செத்தது என்பதை வைத்தே காரணம் சொல்வார்கள். ஆரம்பத்திலேயே வெளுத்தால் பால் சேரவில்லை. நடுவில் வெளுத்தால் யாரோ பெட்டியை அசைத்திருக்கிறார்கள்; அந்தச் சமயத்தில் முட்டை சின்ன அதிர்ச்சியும் தாங்காது. முட்டைக்குள் கண் கரும்புள்ளியாகத் தெரிந்த பிறகும் செத்தால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கண் தெரிந்த முட்டையைத்தான் தூரதேசம் அனுப்பலாம் என்ற பாடமும் இப்படி வந்ததே.

அடுத்த கட்டம் கப்பலில். இங்கிலாந்துக்காரர்கள் சால்மனை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார்கள். 1852-ல் ஒரு முயற்சி, 1860-ல் ஒன்று, 1862-ல் 'பியூட்டிஃபுல் ஸ்டார்' கப்பலில் ஒன்று. மூன்றும் தோல்வி. ஆனால் 1862 கப்பலில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஓடும் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்த முட்டைகள் செத்துவிட, ஐஸ் அறையில் பாசியில் பொதிந்து சும்மா பரீட்சைக்காக வைத்த ஒரு சிறு பெட்டியில் மட்டும் சில முட்டைகள் வெகுநாள் உயிரோடு இருந்தன. ஜேம்ஸ் யூல் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டார். 1863-ல் லண்டனில் ஒரு ஐஸ் கம்பெனியின் நிலவறையில் பாசிப் பெட்டிகளை வைத்து, வாரக்கணக்கில் விட்டுத் திறந்து திறந்து பார்த்தார். முட்டைகள் பிழைத்திருந்தன.

கணக்கு எளியதுதான், வட்டிக் கணக்கு மாதிரி. வானவில் டிரௌட் முட்டை 10 டிகிரி தண்ணீரில் ஒரு மாதத்தில் பொரிக்கும். 5 டிகிரிக்கும் கீழே கொண்டுபோனால் ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். நாளையும் டிகிரியையும் பெருக்கினால் வருவது கிட்டத்தட்ட ஒரே தொகை. ஐஸில் வைத்தால் காலம் நீளும். கப்பல் போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். முந்தைய முட்டைகள் செத்ததற்குக் காரணம் கடலுமில்லை, கப்பலுமில்லை, உஷ்ணம். 1864 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய 'நார்ஃபோக்' கப்பல் சுமார் 1 லட்சம் சால்மன் முட்டைகளோடும் சில ஆயிரம் டிரௌட் முட்டைகளோடும் ஏப்ரலில் மெல்போர்ன் சேர்ந்தது. அங்கிருந்து டாஸ்மேனியா போய் முட்டைகள் பொரித்தன. வேடிக்கை என்னவென்றால், பிரதானமாகக் கொண்டுபோன சால்மன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. ஒட்டுக்குப் போன டிரௌட் நிலைத்துவிட்டது.

இதே காலத்தில்தான் நம் நீலகிரியிலும் முயன்றார்கள். சென்னை ராணுவ வைத்தியப் பிரிவில் இருந்த டாக்டர் பிரான்சிஸ் டே 1863-ல் டிரௌட் முட்டை கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை. 1866-ல் மறுபடியும், அப்போதும் நடக்கவில்லை. இந்திய மீன்கள் பற்றிய பெரிய நூலைப் பின்னால் எழுதியவர் இவர்தான். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மக்ஐவரும் உயிர்மீன்களைக் கொண்டுவந்தார். கெண்டை இனத்து அயல்மீன்கள் ஊட்டி ஏரியில் பெருகின, டிரௌட் நிலைக்கவில்லை. வழியை நினைத்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதற்கு முன் கப்பல் பயணமே மாதக் கணக்கு. இறங்கினால் சமவெளி வெயில். மலை ஏற மாட்டுவண்டி. காஷ்மீருக்குக்கூட 1899-ல் வந்த முதல் முட்டைப் பார்சல் வழியிலேயே அழிந்து, 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இரண்டாவது பார்சல்தான் பிழைத்தது.

நீலகிரியில் காரியம் கூடியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை அரசாங்கத்தின் மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்தார். அவர் மாற்றியது இரண்டு. பழைய பழுப்பு டிரௌட்டை விட்டு, உஷ்ணத்தைச் சற்றே கூடுதலாகத் தாங்கும் வானவில் டிரௌட்டைப் பிடித்தார். முட்டையை முதலில் பக்கத்து இலங்கை மலையிலிருந்து தருவித்தார், நியூசிலாந்திலிருந்தும் வந்தது. நுவரெலியா ஓடையில் ஏற்கெனவே பழகிய இனம், சில நாள் பயணம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். முந்தைய 40 வருடத்துச் சாவுகளின் காரணங்களை ஒவ்வொன்றாக அடைத்தாற்போல் ஆயிற்று. பிறகு மூணாறுப் பக்கத்துத் தோட்டத் துரைமார்கள் தூண்டில் சங்கம் வைத்து, ராஜமலையில் குஞ்சு வளர்த்து, ஓடைகளில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி இறங்கிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மலைக்கு மேலேதான் இந்த மீனும் நீந்தியது. அந்த ஓடைகளின் சொந்த மீன்களுக்கு வந்தேறி டிரௌட் என்ன செய்தது என்ற கேள்வியை அன்று யாரும் கணக்கில் எழுதவில்லை. இன்று அதையும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான்.

மீன் கதை நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். ஏலத்தோட்டத்தில் இதே கதை நடந்தது. கட்டை நோய் நம் மலையில் யாருக்குத் தெரியாது? இலையில் மஞ்சள் கோடு ஓடி, தட்டை குறுகி, தூர் ஒன்றுக்கும் ஆகாமல் போகும். மண்ணுக்குச் சத்தில்லை என்றார்கள், நிழல் போதாது என்றார்கள், கண்ணேறு என்றும் சொன்னார்கள். அது வைரஸ் என்றும், அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோகிறது என்றும் 1940-களிலும் அதன் பிறகும்தான் உறுதியாயிற்று. காரணம் தெரிந்ததும் வேலை மாறியது. உரம் போட்டுப் பார்ப்பதை விட்டு, நோய்ச் செடியைத் தூரோடு பிடுங்கி அழிக்கச் சொன்னார்கள். நோய்த் தோட்டத்துக் கிழங்கை நடாதே என்றார்கள். மருந்தில்லாத நோய்க்குக் காரணம் தெரிந்ததே பாதி மருந்து.

கீழே கடற்கரையிலும் பார்த்தோம். 1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கமெல்லாம் இறால் பண்ணை. வயலை விற்றுக் குளம் வெட்டியவர்களை எனக்குத் தெரியும். 1994 கடைசியில் கிழக்குக் கரையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால், பத்து நாளுக்குள் குளமே காலி. தண்ணீரைக் குறை சொன்னார்கள், தீவனத்தைக் குறை சொன்னார்கள், பக்கத்துப் பண்ணைக்காரன் விஷம் வைத்தான் என்று சண்டையும் போட்டார்கள். கடைசியில் அது வைரஸ். தாய் இறாலிலிருந்து குஞ்சுக்கு வருகிறது, நண்டும் சுமக்கிறது, ஒரு பண்ணை வெளியேற்றும் தண்ணீர் அடுத்த பண்ணைக்குள் போகும்போது அதுவும் சேர்ந்து போகிறது என்று தெரிந்தது. குஞ்சு வாங்கும்போதே சோதித்து வாங்கும் வழக்கம் அதன் பிறகு வந்ததுதான். இதற்கிடையில் குடிதண்ணீர் உப்பாகிறது, விளைநிலம் கெடுகிறது என்று சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. அதுவும் ஒரு நஷ்டக் கணக்குதான். பண்ணைக்காரர் புத்தகத்தில் இல்லாத நஷ்டம்.

இனி இன்றைய சால்மனுக்கு வருவோம். உலகில் மிக அதிகமாகச் சால்மன் வளர்ப்பது நார்வே. கடலில் வட்ட வலைக்கூண்டு. ஒரு கூண்டில் லட்சம், ஒன்றரை லட்சம் மீன். செத்த மீன் அடியில் சேரும். அதைத் தினமும் எடுத்து எண்ணி எழுத வேண்டும். அது அங்கே சட்டம். மாதாமாதம் அரசுக்கு அறிக்கை போகும். அறிக்கையில் கழிந்த மீனுக்கு நான்கு தலைப்பு: செத்தது, கழித்துக் கட்டியது, தப்பி ஓடியது, நான்காவது... ஆமாம், "இதர". படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த நாட்டு ஆபீஸாக இருந்தால் என்ன?

சிரித்து முடிக்கிற தொகை இல்லை அது. 2023-ல் மட்டும் நார்வேயின் கடல் கூண்டுகளில் செத்த சால்மன் 6 கோடியே 28 லட்சம் என்று அந்நாட்டுக் கால்நடை நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய 17. நூறு ஆடு வளர்க்கிறவனுக்குப் பதினேழு ஆடு செத்தால் ஊரே துக்கம் விசாரிக்கும். மீன் என்பதால் சத்தம் இல்லை.

ஏன் சாகின்றன? சில சாவுக்குக் காரணம் கண்ணுக்கே தெரியும். 2007-ல் வட அயர்லாந்தில் ஜெல்லிமீன் கூட்டம் புகுந்து 1 லட்சத்துக்கு மேல் சால்மன் செத்தது. 2016-ல் சிலியில் பாசி பெருகிக் கோடிக்கணக்கில் அழிந்தது. 2019-ல் வட நார்வேயிலும் பாசியால் லட்சக்கணக்கில் போயிற்று. இவை வெள்ளம் புயல் மாதிரி, பத்திரிகையில் வரும். தினமும் பத்து இருபதாகச் சாவதுதான் பெரிய தொகை, அதற்குத்தான் காரணம் சொல்வது கஷ்டம்.

ஓர் உதாரணம். சால்மன் உடம்பில் கடல்பேன் ஒட்டும். மருந்துக்குப் பேன் பழகிவிட்டதால், மீனை உறிஞ்சி எடுத்துச் சில விநாடி வெந்நீரில் விட்டுப் பேனைக் கழற்றுகிறார்கள். வெந்நீர் என்றால் 30 டிகிரி சொச்சம். நமக்கு இளஞ்சூடு, அதற்குக் கொதிநீர். அடுத்த சில நாளில் பல மீன் செத்து மிதக்கும். பதிவேட்டில் என்ன எழுதுவது? "பேன் சிகிச்சை" என்றா? அறுத்துப் பார்த்தால் பல மீனுக்கு ஏற்கெனவே இதயம் வீங்கியிருக்கிறது, செவுள் புண்ணாகியிருக்கிறது. நல்ல மீன் தாங்கியிருக்கும். நோய் மீன் தாங்கவில்லை. உடனடிக் காரணம் வெந்நீர். அடிக்காரணம் இதயநோய். அதற்கும் அடியில், அந்த வைரஸ் கூண்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி. டாக்டர் சான்றிதழின் அதே மூன்று வரி!

முதல் வரியோடு நிறுத்தினால் முதலாளி வெந்நீர் மெஷினை மாற்றுவார். மூன்றாவது வரி வரைக்கும் போனால் குஞ்சு வாங்கும் இடத்தையும், கூண்டுக்குக் கூண்டு இருக்க வேண்டிய தூரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குச் செலவு அதிகம். அதனால் முதல் வரியோடு நிறுத்த எல்லோருக்கும் ஆசை. இப்போது தொற்று, காயம், சூழல், உடற்குறை என்று பெரும்பிரிவும், ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவும் வைத்து, எல்லாப் பண்ணையும் ஒரே பட்டியலில் எழுத வேண்டும் என்று அங்கே வேலை நடக்கிறது. பெர்த்தியோன் மனிதருக்குச் செய்தது, 100 வருடத்துக்கும் மேல் கழித்து மீனுக்கு. தெரியாததைத் "தெரியவில்லை" என்றே எழுதத் தனிக் கட்டம் வைப்பது நல்ல பழக்கம். "இதர" என்று எழுதினால் விஷயம் முடிந்த மாதிரி இருக்கும். "தெரியவில்லை" என்று எழுதினால் யாராவது ஒருநாள் தேடுவார்கள்.

2024 கோடை வறட்சியில் நம் மலையில் ஏலம் காய்ந்தது உங்களுக்கே தெரியும். என் மச்சினர் மகனின் தோட்டத்திலும் பல தூர் போயிற்று. எல்லாவற்றுக்கும் "வறட்சி" என்று எழுதிவிட்டு, மழை வந்ததும் அதே குழியில் நட ஆயத்தமாக இருந்தான். "மாப்ளே, ஒரு நோட்டு எடுத்துட்டு வரிசை வரிசையா நடந்து பாப்போம்" என்றேன். நல்ல நிழலில், ஓடை ஈரத்தை ஒட்டி இருந்த சில தூர்களும் காய்ந்திருந்தன. தண்ணீர் இருந்த இடத்தில் வறட்சி எப்படி வந்தது? பிடுங்கிப் பார்த்தால் வேரைப் புழு தின்றிருந்தது. வறட்சியில் செத்தது நிறைய. ஆனால் இவை வறட்சிக்கு முன்பே பாதி செத்தவை. அந்தக் குழிகளில் நடுவதை மட்டும் நிறுத்தி, மண்ணைக் கிளறிப் புழுவைப் பொறுக்கினார்கள். அவ்வளவுதான் செய்தது. கங்காணியம்மா ஒருத்தர், "இத நான் போன வருசமே சொன்னேன், யாரு கேட்டா?" என்றார். அவர் சொன்னதை எழுத நோட்டில் கட்டம் இல்லாமல் போனதுதான் குறை.

தோட்டம் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏல மையத்தில் விற்ற கிலோவுக்கும் விலைக்கும் கணக்கு வைக்கிறீர்கள். செத்த செடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த வரிசை, எந்த மாதம், வேர் எப்படி, இலை எப்படி, யார் முதலில் பார்த்தார்கள். ஐந்து கட்டம் போதும். இரண்டு மூன்று வருடம் எழுதி வைத்தால், மலைக்கு வரும் அதிகாரியிடமோ விஞ்ஞானியிடமோ கையில் ஆதாரத்தோடு பேசலாம். ரெமிக்கு அதிகம் படிப்பில்லை. அவர் செய்ததும் ராத்திரி கண்விழித்துப் பார்த்ததுதான்.